ஐநூறு வருஷத்து மழை

நான் எந்தத் தாளையும் தூக்கி எறிகிறவன் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டிக்குப் போன பஸ் டிக்கெட்டைக்கூட ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்துவிடுவேன். என் மனைவி இருபது வருஷமாக இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறாள். ஆகவே என் மேசை இழுப்பறையிலிருந்து அந்த இரண்டாவது கட்டுத் தாளை எடுத்தபோது, நான் அதை மறைத்து வைத்திருந்ததாக நீங்கள் எழுதிக்கொண்டது சரியில்லை. மறைக்க நினைப்பவன் எரித்திருப்பான். நான் தேதி போட்டு, நூல் கோர்த்து வைத்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நீங்கள் விசாரணைக்காகச் சென்னையிலிருந்து வந்திருப்பதால் சிலவற்றை விளக்கவேண்டியிருக்கும். வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்துகிறேன். என் அக்கா ராமலட்சுமியைத் திருச்சுழி ரோட்டிலிருந்து நான்கு மைல் உள்ளே, பனையடியேந்தலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் பொன்னுச்சாமிக்குக் கண்மாய்க்குக் கீழே நஞ்சை உண்டு. கண்மாய்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

உங்கள் பக்கத்து ஏரிதான் எங்களுக்குக் கண்மாய். அது நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி ஓடையில் விழும். கலுங்கு என்பது கரையைவிடத் தாழ்வான ஒரு கல்சுவர். அதன்மேல் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும். இன்னும் ஒன்றரை அடித் தண்ணீரை நிறுத்தவேண்டுமென்றால் அந்தக் கற்களுக்கு நடுவே பலகை செருகிக் களிமண் அப்புவார்கள். மேகம் கறுத்தால் பலகையைப் பிடுங்கிவிடவேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கரை ஏறி, கரை அறுத்துக்கொள்ளும். பலகை போடவும் பிடுங்கவும் ஊருக்கு ஓர் ஆள் உண்டு. நீர்ப்பாய்ச்சி என்பார்கள். பனையடியேந்தலில் அது ஆண்டிச்சாமி. நான்கு வருஷமாக உங்கள் அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறவர் அவர்தான் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவருக்கு எழுதத் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

எண்பதுகளில் ஒன்பது வருஷம் அந்தக் கண்மாய் நிரம்பவில்லை. நஞ்சைக்குள்ளேயே சீமைக் கருவேலம் மண்டியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட ஆட்கள் வந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஊருக்குள் இடம் கிடைக்காததால் கலுங்குக்குக் கீழே ஓடை ஓரமாகப் பத்தொன்பது குடிசை போட்டுக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாக ஈரம் பார்க்காத ஓடை. அதில் குடியிருப்பதில் யாருக்கும் தவறு தெரியவில்லை.

எண்பத்தொன்பதில் ஒருவழியாகக் கண்மாய் நிரம்பியது. தை பிறந்த பிறகு ஒருநாள் மேகம் கூடியது. ஆண்டிச்சாமி பலகையைப் பிடுங்கினார். மழை வரவில்லை. ஒன்றரை அடித் தண்ணீர் ஓடையில் போனது. மூட்டக்காரர்கள் அதில் துணி துவைத்தார்கள். கடைசித் தண்ணீர் கிடைக்காமல் அந்த வருஷத்து நெல் பாதி பதராகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் பொன்னுச்சாமி என் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு தூத்தலுக்குப் பயந்து பலகையப் பிடுங்கிப் போட்டுட்டான், மாப்ள. மறுநா வெயிலு பல்லக் காட்டுது. போன தண்ணிய எவன் திருப்பிக் கொண்டாருவான்?" பலகைக்குப் பதிலாகக் கற்களுக்கு நடுவே ஒன்றரை அடிக்குக் கான்கிரீட் போட்டுவிடவேண்டும் என்பது அவர் யோசனை. பஞ்சாயத்து யூனியனில் கேட்டதற்கு, கரைக்கு ஆபத்தில்லை என்று விவரம் தெரிந்த ஒருவர் கணக்குப் போட்டுத் தரட்டும் என்றார்களாம். விவரம் தெரிந்தவன் என்று எங்கள் குடும்பத்தில் நான்தான் இருந்தேன்.

பாலிடெக்னிக்குக்கு அப்போது ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். பேசிக் என்ற மொழியில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். முப்பத்தொரு வருஷத்து மழைப் பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு நாளாகத் தட்டச்சு செய்து ஏற்றினேன். அதிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, கம்ப்யூட்டர் ஒரு கற்பனை வருஷத்து மழையை உண்டாக்கும். அந்த மழையைக் கண்மாயில் பெய்யவிட்டு, அந்த வருஷத்தில் தண்ணீர் அதிகபட்சம் எத்தனை அடி நின்றது என்று கண்டுபிடிக்கும். அது ஒரு சுற்று. அப்படி ஐநூறு சுற்று. பதினான்கு அடியைத் தாண்டினால் கரை அறும்.

ஒவ்வொரு சுற்றின் விடையையும் அதனதன் பெட்டியில் போட்டு வைக்கவேண்டும். கம்ப்யூட்டரின் நினைவில் ஐநூறு பெட்டிகளுக்கு எண் போட்டு இடம் ஒதுக்கியிருந்தேன். முதலில் ஒரே ஒரு சுற்றை ஓட்டிச் சோதித்தபோது, விடையை ஒன்றாம் பெட்டியில் போடு என்று எழுதியிருந்தேன். பிறகு சுற்றுகளை ஐநூறாக்கியபோது, அந்த ஒன்று இருந்த இடத்தில் சுற்றின் எண்ணைப் போட்டிருக்கவேண்டும். மறந்துவிட்டேன். ஆகவே ஒவ்வொரு சுற்றும் முந்திய விடையை அழித்துவிட்டு அதே ஒன்றாம் பெட்டியில் தன் விடையை எழுதியது. மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பெட்டிகளும் காலி. காலிப் பெட்டியைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று படிக்கும். பிரிண்டரின் ரிப்பன் மங்கிப்போயிருந்ததால் பெட்டிகளை ஒவ்வொன்றாக அச்சிடாமல், எத்தனை பெட்டியில் பதினான்கு அடி தாண்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பூஜ்யம் என்று வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தஞ்சாவூர்க்காரன் ஒருவன் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் விஷயத்தில் பூஜ்யத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான்.

இதுவரைக்கும் நடந்தது தவறு. இதை நான் ஒப்புக்கொள்வதில் சிரமம் இல்லை. யாருக்கும் வரக்கூடியது.

அறிக்கை கொடுத்தேன். யூனியனில் அனுமதி கிடைத்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதில் ஆண்டிச்சாமி எழுந்து, "சிமிண்டப் போட்டுட்டா, மேகம் கூடுனா நான் எதைப் பிடுங்குறது?" என்றார்.

"உன் மீசையப் பிடுங்கு" என்றார் பொன்னுச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐநூறு வருஷத்து மழையைப் பெய்யவைத்துப் பார்த்துவிட்டேன், ஒருதடவைகூடக் கரைக்கு ஆபத்து வரவில்லை என்று நான் பொறுமையாக அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"அந்த ஐநூறு வருசத்துல நான் இருந்தனா சார்?"

இல்லை என்றேன். உட்கார்ந்துகொண்டார்.

கான்கிரீட் போடுவதற்குப் பதினொரு நாள் இருக்கும்போது, எங்கள் கணக்கு வாத்தியார் ராமசுப்பு அந்தப் புரோகிராமைப் பையன்களுக்குக் காட்டலாமா என்று கேட்டு வாங்கிப்போனார். மத்தியானம் டீ குடிக்கும் இடத்தில், "என்ன சார், ஐநூறு வீட்டுக்கு லெட்டர் எழுதி அம்புட்டையும் ஒரே வீட்டுல போட்டிருக்கீக" என்று சிரித்தார். அது எதற்காக எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. அவரை இதில் சேர்க்கவேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். காலையில் ஆரம்பித்து சாயங்காலம் முடிந்தது. இந்தத் தடவை எல்லாப் பெட்டிகளையும் அச்சிட்டேன். ஐநூறில் நாற்பத்து மூன்று. பழையபடி பலகை போட்டுப் பிடுங்குவதாக வைத்து இன்னொரு தடவை ஓட்டினேன். ஐநூறில் இரண்டு. நீங்கள் எடுத்த கட்டு அதுதான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பனையடியேந்தலுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அக்கா வாசலில் குலுக்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நெல் கொட்டி வைக்கிற மண் குதிருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஒன்பது வருஷமாக அதற்குள் பழந்துணிகளைப் போட்டு வைத்திருந்தாள். முழங்கைவரை சேறு. என்னைப் பார்த்ததும், "இனிமே ரேசன் அரிசி இல்ல தம்பி. நம்ம நெல்லுத்தான்" என்றாள். கூட்டத்தில் நான் பேசியதைப் பக்கத்து ஊர்ப் பெண்கள்வரை சொல்லிப் பெருமைப்பட்டதாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் சாரோட அக்கா என்கிறார்களாம்.

சாப்பிட்டேன். திரும்பி வந்துவிட்டேன். கணக்கை மறுபடி பார்த்தீர்களா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்கமாட்டேன்.

நாற்பத்து மூன்று என்பதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று பார்க்கலாம். அதற்குள் கருவேலம் தீர்ந்துவிடும். மூட்டக்காரர்கள் மரம் இருக்கிற இடம் தேடிப் போகிறவர்கள். போய்விடுவார்கள். அல்லது, மிச்சமுள்ள நானூற்று ஐம்பத்தேழு சுற்றுகளில் நெல்லைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை என்று பார்க்கலாம். நான் இரண்டு விதமாகவும் பார்த்தேன். கான்கிரீட் போட்டார்கள்.

பிறகு இன்னொன்றும் செய்தேன். என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைக்காதீர்கள். கல்லூரியிலிருந்து மட்டம் பார்க்கிற கருவியை எடுத்துப்போய், பத்தொன்பது குடிசைகளின் தரை உயரத்தையும் அளந்தேன். ஓடையின் தாழ்ந்த கோடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். கலுங்குக்குப் பக்கத்தில் இருப்பது பத்தொன்பது. கரை அறுகிற நாற்பத்து மூன்று சுற்றுகளிலும் எந்தெந்த வீட்டுக்குள் இடுப்புக்கு மேலே தண்ணீர் வரும் என்று கணக்கிட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பெட்டி ஒதுக்கி, சரியான பெட்டியில்தான் விழுகிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஏழாம் வீடு சந்தனம்மாள் வீடு. அவள் கணவன் அருஞ்சுனை கரி மூட்டை ஏற்றிக்கொண்டு வீரசோழன் பக்கம் லோடு போகிறவன். ஏழாம் பெட்டியில் முப்பத்தெட்டு என்று இருந்தது. நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டு.

அளவு ஒன்றைச் சரிபார்க்க மறுபடி அங்கே போனபோது அந்தத் தாள் என் பையில் இருந்தது. சந்தனம்மாள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். கையெல்லாம் கரி. டம்ளரை மட்டும் சுத்தமாகத் துடைத்து, சேலைத் தலைப்பால் பிடித்து நீட்டினாள்.

"ஓலையப் பிரிச்சிட்டு மண்ணுச் சுவரு எடுக்கலாம்னு இருக்கோம் சார். எத்தன வருசத்துக்குத்தான் பாம்புக்குப் பயந்துகிட்டே படுக்குறது. இங்கன தண்ணி கிண்ணி வருமா? நீங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டீகன்னு பேசிக்கிட்டாக."

"கட்டுங்க" என்றேன். "தரைய மட்டும் ஒரு அடி ஒசத்திக்கோங்க."

திரும்பி வந்து, ஒரு அடி உயர்த்தினால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு முப்பத்தொன்றாகக் குறைந்தது. ஏழு சுற்றுகளில் அவளை நான் காப்பாற்றியிருக்கிறேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை என்று பார்க்கிறேன். எழுதிக்கொண்டால் நல்லது.

தொண்ணூற்றொன்றில் நல்ல விளைச்சல். அக்காவின் குலுக்கை நிறைந்தது. ஊர்ப் பொங்கலில் என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். ஆண்டிச்சாமி தூரத்தில் நின்றிருந்தார். பிடுங்குவதற்குப் பலகை இல்லாததால் அவர் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றிரண்டு கார்த்திகையில் ஒரு புதன்கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். பஸ், ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கு வரைக்கும்தான் போனது. அங்கிருந்து குடையோடு நடந்தேன். மடைக்கல்லில் நான் அடி வாரியாகக் கோடு போட்டு எண் எழுதி வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. பன்னிரண்டரை அடி. நோட்டில் எழுதினேன். பிறகு அரைமணிக்கு ஒருதடவை எழுதினேன்.

பொன்னுச்சாமி கரையின் மேற்குக் கோடியில் ஆட்களோடு சாக்கில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்கு ஆண்டிச்சாமி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்தச் சிமிண்டுல ஒரு ஓரத்த உடைச்சு விட்ருவமா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒரு மணி நேரத்துல இறங்கிரும்."

பொறுங்கள் என்றேன்.

"அப்ப ஓடையில இருக்கவுகளையாவது கிளப்பிவிட்டு வாரேன்."

"இப்பப் போயிச் சொன்னாப் பதறிருவாக ஆண்டிச்சாமி. மூணு மணி அளவப் பாப்போம்."

அவர் நின்றார். ஒன்றரை மணி நேரம் என் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார். ஐநூறு வருஷத்தைப் பார்த்தவன் சொல்கிறானே என்று நின்றிருப்பார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். என் அக்காவின் நெல் முதல் காரணம். நட்டு ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. கான்கிரீட்டை உடைத்தால் ஒன்றரை அடித் தண்ணீர் போய்விடும், கடைசித் தண்ணீர் கிடைக்காது. இரண்டாவது காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மழை அதே வேகத்தில் நீடித்தால் தண்ணீர் எத்தனை மணிக்குப் பதினான்கு அடியைத் தொடும் என்று முந்தின நாளே கணக்கிட்டு வைத்திருந்தேன். மூன்று இருபது. இத்தனை சுற்று ஓட்டியவனுக்கு உண்மையான சுற்று ஒன்று எப்போதும் கிடைத்துவிடாது. கிடைத்ததைப் பாதியில் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஆண்டிச்சாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கி ஓடினார். கலுங்குப் பக்கமிருந்து, அதாவது பத்தொன்பதாம் வீட்டிலிருந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆட்களை மேட்டுக்கு விரட்டிக்கொண்டே போனார். எட்டாம் வீடு வரை போய்விட்டார்.

தண்ணீர் பதினான்கு அடியைத் தொட்டபோது மணி மூன்று முப்பத்தைந்து. கணக்குக்கும் நடந்ததற்கும் பதினைந்து நிமிஷம்தான் வித்தியாசம். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்த இரண்டு நிமிஷத்தில் கலுங்கை ஒட்டிக் கரை அறுத்துக்கொண்டது. ஆண்டிச்சாமி ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்.

பதினொரு பேர். அதில் சந்தனம்மாளோடு சேர்த்து ஆறு பேரின் உடல் அவள் வீட்டில் கிடைத்தது. ஓடையில் தண்ணீர் கூடுவதைப் பார்த்து, ஐந்தாம் வீட்டிலும் ஆறாம் வீட்டிலும் இருந்தவர்கள் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவள் வீட்டுத் தரைதான் ஒரு அடி உயரம். மேட்டுக்குப் போவோமா என்று ஒருத்தி கேட்டதாகவும், இதுதான் சார் சொன்ன உயரம், பயப்படாதீர்கள் என்று சந்தனம்மாள் சொன்னதாகவும், அந்த வீட்டிலிருந்து பிழைத்து வந்த ஒரு பெண் பிற்பாடு சொன்னாள். நான் உயர்த்தச் சொன்னது வீட்டை. மற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

அருஞ்சுனை லோடு போயிருந்ததால் அன்றைக்கு ஊரில் இல்லை. பதினாறாம் நாள் முடிந்து பாலிடெக்னிக் வாசலுக்கு வந்தான். அடிக்க வந்திருக்கிறான் என்று வாட்ச்மேன் பயந்தார். அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "நீங்க சொன்ன மாதிரி ஒரு அடி ஒசத்தித்தான சார் கட்டுனோம். அளவு எதுவும் கொறஞ்சு போச்சா?"

இல்லை, சரியாகத்தான் கட்டியிருந்தீர்கள் என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

அப்போது வந்த விசாரணையில் வரலாறு காணாத மழை என்று எழுதி முடித்துவிட்டார்கள். என்னிடம் முதல் அறிக்கையைத்தான் கேட்டார்கள். கொடுத்தேன். இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்று கேட்கவில்லை. அது வரலாறு காணாத மழை அல்ல. என் ஐநூறு சுற்றுகளில் அதைவிடப் பெரிய மழை முப்பத்தாறு இருக்கிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம். கான்கிரீட் போடுவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே எனக்குத் தெரியும். சந்தனம்மாளிடம் கட்டச் சொன்னபோதும் தெரியும். ஆண்டிச்சாமியைப் பொறுக்கச் சொன்னபோதும் தெரியும். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன்.

அன்றைக்கு எடுத்த அளவுகளை ஐநூற்றொன்றாம் பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அது கடைசித் தாளில் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த ஒரு தாளை மட்டுமே திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். நான் முதலில் செய்த தவறும் இதேதான். கடைசிச் சுற்றின் விடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுவது. கொஞ்சம் முன்னால் புரட்டுங்கள். நானூற்று ஐம்பத்தேழு சுற்றுகளில் கரை அறவில்லை. அத்தனையிலும் சந்தனம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள்.